கோட்டுக்கு அடியில் ஒரு கோடு

இதில் வரும் கிழமைகளைச் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. செவ்வாய் என்று நான் எழுதுவது புதனாக இருந்திருக்கலாம். அமலோற்பவம் இதைச் சொல்லும்போது நடுநடுவே வெகுநேரம் பேசாமல் இருந்துவிடுவாள். அந்த மௌனங்களில் ஒன்றிரண்டு நாட்கள் உதிர்ந்து போயிருக்கக்கூடும். அவளுக்குமே தன் நினைவின் மேல் நம்பிக்கை கிடையாது. முதல் தடவை வாசித்தபோது கோட்டுக்குள் இருந்த பழுப்பு நூலைப் பார்த்தோமா பார்க்கவில்லையா என்று இன்றுவரை அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. ஆனால் கிழமை முக்கியம். ஒரு புதன்கிழமையைச் செவ்வாய் என்று எழுதியதில்தான் அவள் தம்பி பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போனான்.

கோடுகள் சாட்சி சொல்லத் தொடங்கி அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது. தார்ச்சாலையில் போடும் வெள்ளைக் கோடு பெயின்ட் அல்ல, தெர்மோபிளாஸ்டிக். பொடியாக மூட்டையில் வரும். பாய்லரில் கொட்டி இருநூறு டிகிரிச் சூட்டில் கிண்டினால் தோசை மாவாக இளகும். தள்ளுவண்டியில் ஊற்றி இழுத்தால் சற்று நேரத்தில் ஆறிக் கல்லாகிவிடும். விளக்கு பட்டால் மின்ன வேண்டும் என்பதற்காக மணல் பருமனில் கண்ணாடி மணிகளை அதில் கலப்பார்கள். எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் யாரோ அந்த மணிகளுக்கு நினைவைக் கொடுத்துவிட்டார்கள். டயரில் வண்டியின் எண்ணைச் சுமந்த பொடி இருக்க வேண்டும் என்று சட்டமும் வந்தது. சக்கரம் கோட்டை மிதித்தால், மிதித்த வண்டியும் மிதித்த நிமிஷமும் மணியில் பதிந்துவிடும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கருவியின் கீழ் வைத்தால் போதும், கோடு பேசும்.

அதன் பிறகு மனிதர்களைக் கேட்பது குறைந்துபோனது. விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடும். போலீஸ்காரர் கோட்டைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். "நான் பார்த்தேன் சார்" என்று எவராவது முன்வந்தால், "கோடு பாத்துருக்கும், நீரு போவும்" என்பார். கணவன் எந்தத் தெருவுக்குள் திரும்பினான் என்று அறிய மனைவிமார் மனுப் போட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் பைக் எண்ணைக் கொடுத்து, சாராயக்கடைச் சாலையின் கோட்டை வாசிக்கச் சொன்ன மாமனார்களும் உண்டு. டீக்கடையில் இரண்டு பேர் வாக்குவாதம் பண்ணினால் மூன்றாவது ஆள், "ஏன் மல்லுக்கட்டுதிய, கோட்டுல கேளுங்க" என்று சிரிப்பான்.

தூத்துக்குடியில் கோடு வாசிக்கும் அலுவலகத்தில் அமலோற்பவம் மூத்த வாசிப்பாளர். நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யார் எதைச் சொன்னாலும் உடனே பதில் சொல்லமாட்டாள். சொன்னவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நம்பாதவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். காய்கறிக்காரி எடைக்கல்லை வைத்த பிறகு அவள் அந்தக் கல்லைத் தூக்கிப் பார்ப்பாள். கோட்டை மட்டும் அவள் சந்தேகப்பட்டதே இல்லை. மனிதர்களிடம் காட்ட முடியாமல் மிஞ்சிய நம்பிக்கையையெல்லாம் கொண்டுபோய் அதில் வைத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்று வருடம் முடிந்த துண்டுகளை உருக்கிவிட வேண்டும் என்பது விதி. அந்த வாரம் வெள்ளிக்கிழமை லாரி வர இருந்தது. திங்கள் காலையில் அவள் அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு துண்டையும் எடுத்து எண்ணைச் சரிபார்த்துத் தட்டில் அடுக்கினாள். 4417 வந்தது. அது வரும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருடமாக அந்த அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் அது இரண்டாம் தட்டில் இடது ஓரமாக இருக்கிறது என்பதும் தெரியும். கையில் எடுத்தாள். விழுந்து உடைந்தது. கை தவறியதா, தவறவிட்டாளா என்று அவளுக்கே தெரியாது.

குனிந்து பொறுக்கும்போது உடைந்த விளிம்பைப் பார்த்தாள். மேலே வெள்ளை. கீழே வெள்ளை. நடுவில் தலைமுடி கனத்தில் கருகிய பழுப்பாக ஒரு நூல்.

துண்டுகளைப் பொறுக்கி மேசையில் வைத்தாள். பிறகு எழுந்து 4417-இன் அறிக்கையைத் தேடி எடுத்தாள். அதில் ஒரு கட்டம் உண்டு: 'அடுக்குகள்.' அதற்கு நேரே, அவளுடைய கையெழுத்தில், 'ஒன்று.'

ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டிருந்தால் இரண்டு என்று எழுத வேண்டும். ஆனால் சாலைப் பதிவேட்டின்படி அந்த இடத்தில் ஒரே ஒரு கோடுதான் போட்டிருந்தார்கள். பதிவேட்டைப் பார்த்து எழுதினாளா, துண்டைப் பார்த்து எழுதினாளா? ஞாபகமில்லை. ஒருவேளை நூலைப் பார்த்து, அழுக்கு என்று நினைத்தும் இருக்கலாம்.

அந்தத் துண்டு எட்டயபுரம் சாலையில் வெட்டியது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, தீப்பெட்டி ஆலைக்கு நடந்துபோன சண்முகக்கனி என்ற பெண்ணை ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. நசுங்கிய அவள் கைபேசி காலை பதினொன்று நாற்பத்திரண்டில் நின்றிருந்தது. ரத்தம் சாலையின் நடுக்கோட்டில் தேங்கிக் கிடந்தது. மறுநாள் காலை அந்த இடத்திலேயே துண்டை வெட்டி அனுப்பினார்கள். துண்டில் எண் மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் கோட்டை மிதித்தது யார் என்று கேட்டிருந்தார்கள். ஒரே ஒரு வண்டிதான் மிதித்திருந்தது. அதன் எண்ணை எழுதும்போதே அமலோற்பவத்தின் பேனா நின்றது. அது சவரிமுத்துவின் மீன் வண்டி.

அவள் தம்பி. ஐஸ் பெட்டி கட்டிய சின்ன வண்டியில் ஊர் ஊராக மீன் கொண்டு போகிறவன். அன்றைக்கு அவன் கைபேசியை ஐஸ் கம்பெனியிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். போலீஸ் வரும் முன்பே இவள் அவன் வீட்டுக்குப் போனாள்.

"எக்கா, நான் அந்த ரோட்டுப் பக்கமே போவல. விளாத்திகுளம் ரோட்டுலல்லா போனேன். அங்கன ஆட்டு மந்த குறுக்க வந்துட்டு. ஒடிச்சுத் திருப்பினேன், நடுக்கோட்டுல ஏறிருச்சு. அவ்வளவுதான்."

"மறுபடியும் ஆடா?" என்றாள் அமலோற்பவம்.

பத்தொன்பது வயதில் அவன் ஒரு ஆட்டை அடித்துவிட்டு, வண்டியில் ஒட்டியிருந்த மயிரை அவள் காட்டும்வரை அடிக்கவில்லை என்று சாதித்தவன். அதிலிருந்து அவன் சொல்வது எதையும் அவள் முதல் தடவையில் எடுத்துக்கொண்டதில்லை.

"மாதா மேல சத்தியமா, அக்கா."

"எலேய், மாதாவ ஏன் இழுக்க? கோட்டுக்கு உன் மேல என்ன பக?"

அவன் சொன்னதையும் பார்த்துவிடுவோம் என்று விளாத்திகுளம் சாலையில் துண்டு வெட்டி வாசித்தார்கள். அங்கே செவ்வாய்க்கிழமை புதுக் கோடு போட்டிருப்பதாகப் பதிவேடு சொன்னது. புதன் காலை அவன் போயிருந்தால் புதுக் கோட்டில் பதிந்திருக்க வேண்டும். பதியவில்லை. போகவில்லை என்று சொன்ன சாலை அவனைப் பார்த்திருந்தது. போனேன் என்று சொன்ன சாலைக்கு அவனைத் தெரியவே இல்லை. ஏழு வருடம் கொடுத்தார்கள்.

இப்போது அந்தப் பழுப்பு நூல். ரத்தம் கோட்டின் மேல் கிடந்தது என்றால், அது மேலே இருக்க வேண்டும். நடுவில் இருக்கிறது என்றால், சண்முகக்கனி செத்த பிறகு யாரோ அதன் மேல் கோடு போட்டிருக்கிறார்கள். அமலோற்பவம் வாசித்தது அந்த மேல்கோட்டை.

"என்னம்மா, உடைச்சிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அழகியநம்பி வந்தார். அலுவலகத்தின் தலைவர். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. "பரவால்ல. எப்படியும் உருக்கத்தான போறோம்."

அவள் துண்டை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. தெரியாத ஒன்றைப் பார்ப்பவர் முகம் கொஞ்சமாவது மாறுமே.

"தார் ஒட்டியிருக்கு" என்றார்.

"தார் கறுப்பா இருக்கும் சார்."

"சரி, துரு."

"கோட்டுக்குள்ள ஏது சார் இரும்பு? கீழ் அடுக்க வாசிக்கணும். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்க பாருங்க. நீங்க வாசிச்சது எத்தனை? நாலாயிரம் இருக்குமா? அத்தனை பேரும் உள்ளே இருந்துக்கிட்டு, நான் போகல, நான் போகலன்னுதான் சொல்றான். ஒரு கோடு பொய்யின்னு நாமளே எழுதிக் கொடுத்தா, நாளைக்கு எந்தக் கோட்டை எவன் நம்புவான்?"

"பொய்யா இருந்தா?"

"உங்க தம்பிங்கறதால உங்களுக்கு நூல் தெரியுது. வேற ஆள்னா அழுக்குன்னு தட்டில போட்டிருப்பீங்க." எழுந்து, வாசலில் நின்று திரும்பினார். "வெள்ளிக்கிழமை லாரி வருது."

அவர் சொன்னது பொய் இல்லை என்பதுதான் அவளைக் குத்தியது. ஒரு பாதியைத் தட்டில் எண்ணோடு வைத்தாள். மறுபாதியைச் சோற்றுப் பாத்திரத்தின் மேல்தட்டில், காலி ஊறுகாய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். வேலைக்குச் சேர்ந்து அவள் செய்த முதல் திருட்டு அது.

எட்டயபுரம் சாலைப் பதிவேட்டில் அந்த வாரம் எந்த வேலையும் இல்லை. ஆனால் கோடு போட வேண்டுமானால் சூடான பாய்லரோடு ஒரு குழு அந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும். அந்த வாரம் அந்த வட்டாரத்தில் இருந்தது ஒரே ஒரு குழு. விளாத்திகுளம் சாலையில் கோடு போட்ட ஆறாம் எண் குழு. அவர்கள் தங்கியிருந்தது எட்டயபுரத்தில்.

அவர்களைப் புதன்கிழமை குறுக்குச்சாலை என்ற ஊருக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். உச்சிவெயில். லாரியின் பின்தட்டில் பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. தலையில் துண்டைக் கட்டிய ஒரு மெலிந்த ஆள் நீளக் கம்பியால் உள்ளே கிண்டிக்கொண்டிருந்தான்.

"ஐகோர்ட்துரைங்கறது?"

"நாந்தான் மேடம். ஐகோர்ட்டுனே கூப்பிடலாம்."

"பேரே அதுதானா?"

"எங்க கொலசாமி பேரு. கோர்ட்டு வாசல மிதிச்சதில்ல, பேரு மட்டும் பெரிசு." அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும், "நீங்க கோட்டு ஆபீசா? நாங்க எல்லாம் நூல் புடிச்ச மாதிரித்தான் போடுதோம், மேடம்" என்றான்.

அவள் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காலடியில் ஒரு சாக்கு. அதிலிருந்து அழுக்கு வெள்ளையில் ஓடு ஓடாக எதையோ அள்ளிப் பாய்லருக்குள் போட்டான்.

"அது என்ன?"

"பழைய கோடு. இந்த ரோட்டுல செதுக்கினது. புதுசு போடறதுக்கு முன்ன உளி வச்சுப் பேத்து எடுப்போம்லா."

"அதைத் தூரப் போடணும்."

"தூரப் போட்டாப் பாவம் மேடம், நல்ல சரக்கு. புதுப் பொடி மொரண்டு புடிக்கும், கட்டி தட்டும். இதுல ஒரு கை அள்ளிப் போட்டா ஒடனே இளகிக் குடுக்கும்."

"அப்படிப் போடச் சொல்லி யாரு சொன்னா?"

"பாலுக்கு ஒற மோர் ஊத்தச் சொல்லி யாராவது சொல்லணுமா?" என்றான் ஐகோர்ட். "எல்லாக் குரூப்புலயும் உள்ளதுதான்."

அமலோற்பவம் குனிந்து சாக்கிலிருந்து ஓடு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் இளகும், கண்ணாடி இளகாது. இருநூறு டிகிரி என்பது கண்ணாடி மணிக்கு ஒரு காய்ச்சல்கூட இல்லை. பழைய மணி புதுக் கோட்டுக்குள் அதே நினைவோடு போய் உட்காரும். மணிக்கு வண்டி தெரியும், நிமிஷம் தெரியும். தான் எங்கே கிடக்கிறோம் என்பது மட்டும் தெரியாது. அதைச் சொன்னது பதிவேடு. பதிவேட்டை எழுதியது மனிதர்கள்.

பிறகு கேட்டாள். "மூணு வருஷத்துக்கு முன்னால விளாத்திகுளம் ரோட்டுல போட்டீங்க. ஞாபகம் இருக்கா? செவ்வாய்க்கிழமை."

"செவ்வா இல்ல மேடம், புதன். செவ்வாக்கெழம எங்க கோயில் கொட, திருவிழா. குரூப்புல முக்காவாசிப் பேரு எங்க ஊருதான், அதனால அன்னைக்கு அடுப்பே பத்த வைக்கல." கொஞ்சம் யோசித்துத் தலையைச் சொறிந்தான். "நோட்டுல திட்டப்படி செவ்வான்னு இருக்கும். சாமி காரியத்துக்கு லீவு எழுதினா மேல கேள்வி வரும்லா. ஒரு நாளு முன்ன பின்ன, ரோட்டுக்கு என்ன தெரியும்?"

"புதன்கிழமை எத்தனை மணிக்குச் செதுக்குனீங்க?"

"காலைலயே பண்ணிருக்கணும். கேஸ் தீந்துபோச்சு. செல்லப்பாண்டி அண்ணாச்சிதான் லாரிய எடுத்துக்கிட்டுச் சிலிண்டர் வாங்கப் போனாரு. அவரு வரவே மதியம் ஆயிட்டு. பொறவுதான் செதுக்கி, காய்ச்சி, போட்டு முடிச்சோம்."

அப்படியானால் காலை பதினொன்றரைக்கு விளாத்திகுளம் சாலையில் பழைய கோடு அப்படியே கிடந்திருக்கிறது. சவரிமுத்துவின் சக்கரம் அதை மிதித்திருக்கிறது. மதியம் அதைப் பேர்த்துச் சாக்கில் போட்டிருக்கிறார்கள்.

"சாயங்காலம் திரும்பும்போது எட்டயபுரம் ரோட்டுல எங்கயாவது நின்னீங்களா?"

ஐகோர்ட்டின் கம்பி நின்றது. "அது தப்பா மேடம்?"

"சொல்லுங்க."

"ஒரு பொம்பள அடிபட்டுக் கெடந்திருக்கா. நாங்க வரும்போது தூக்கிட்டாங்க. ரத்தம் மட்டும் கோட்டு மேல அப்படியே கெடந்துச்சு. ரத்தம் பட்ட கோட்ட அப்படியே விடப்படாது மேடம். அடுத்தவன் சக்கரம் அது மேல ஏறப்படாது. பாய்லர்ல மிச்சம் மீதி கெடக்கறத ஒரு முழம் ஊத்தி மூடிட்டுப் போவோம். ரோட்டு வேலைக்கு வந்த நாள்ல இருந்து அதுதான் எங்க வழக்கம்."

"நோட்டுல எழுதலியே?"

"வாய்க்கரிசி போட்டத யாராவது நோட்டுல எழுதுவாங்களா?"

அவன் முகத்தை அவள் கூர்ந்து பார்த்தாள். பொய்க்கான இடத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"எப்பவும் அண்ணாச்சி நேரமாவுதுன்னு ஏசுவாரு" என்றான் ஐகோர்ட், குரலைத் தாழ்த்தி. "அன்னைக்கு அவரே வண்டிய நிறுத்திட்டாரு. ஊத்துங்கலே, நல்லா கனமா ஊத்துங்கலேன்னாரு. கீழ எறங்கக்கூட இல்ல, ஸ்டீயரிங்குல தலைய வச்சுக் கெடந்தாரு. எளகின மனசு அவருக்கு."

லாரியின் முன்பக்கம் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். இவர்கள் பேசியது கேட்டிருக்க வேண்டும். அமலோற்பவம் கடந்து போகும்போது, தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள்.

"அந்தப் பொம்பளைக்குப் பிள்ளைய உண்டா மேடம்?" என்று கேட்டார் செல்லப்பாண்டி.

"ஒரு பொண்ணு. அப்ப ஒன்பது வயசு."

அவர் தலையை ஆட்டினார். பஸ்ஸில் திரும்பும்போது, உலகத்தில் இப்படியும் இரக்கமுள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆயுள் முழுக்கச் சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய அந்த ஒரு நிமிஷத்தில் நன்றியோடு தண்ணீர் குடித்திருக்கிறாள்.

வியாழக்கிழமை அழகியநம்பி ஒரு கூட்டத்துக்காக மதுரைக்குப் போயிருந்தார். அமலோற்பவம் அறையைத் தாழிட்டு, சோற்றுப் பாத்திரத்திலிருந்து பாதித் துண்டை எடுத்தாள். முதலில் மேல் அடுக்கைத் திரும்ப வாசித்தாள். இந்தமுறை அரை மணி நேரத்தை மட்டும் கேட்காமல், அந்த நாள் முழுவதையும் கேட்டாள். விளாத்திகுளம் பள்ளிக்கூட வேன் வந்தது. விளாத்திகுளம் டவுன் பஸ் வந்தது. எட்டயபுரம் சாலைக்குள் ஒருநாளும் வந்திராத வண்டிகள். முதலிலேயே கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவர்கள் அரை மணி நேரத்தைக் கேட்டார்கள். இவள் அரை மணி நேரத்துக்குப் பதில் சொன்னாள்.

மேல் அடுக்கை நூல் வரைக்கும் சுரண்டி எடுத்தாள். பழுப்புப் பொடியைத் தனியே ஒரு தாளில் மடித்து வைத்தாள். பிறகு கீழ் அடுக்கைக் கருவிக்குள் வைத்தாள்.

பதினொன்று நாற்பத்திரண்டு. ஒரே ஒரு வண்டி. எண்ணை எழுதிக்கொண்டு வாகனப் பட்டியலில் தேடினாள். சாலைக்கோடு ஒப்பந்தக்காரரின் லாரி. ஆறாம் எண் குழு.

கேஸ் தீர்ந்துபோச்சு. செல்லப்பாண்டி அண்ணாச்சிதான் போனாரு. நல்லா கனமா ஊத்துங்கலே.

மற்றவர்கள் ரத்தத்தின் மேல் மரியாதையை ஊற்றினார்கள். அவர் தன் சக்கரத் தடத்தின் மேல் ஊற்றச் சொன்னார். மூடினால் போதும் என்றுதான் நினைத்திருப்பார். அந்தக் கொதிக்கும் மிச்ச மாவுக்குள், விளாத்திகுளத்தில் பேர்த்த ஓட்டில், இன்னொருவனுடைய சக்கரம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, ஐகோர்ட்டுக்கும் தெரியாது, மணிக்கும் தெரியாது.

அன்று பிற்பகலே அவள் தம்பியின் வக்கீலைப் பார்த்தாள். துண்டை வீட்டுக்குக் கொண்டுபோனது உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை லாரி வந்து நின்றபோது, அலமாரியைத் திறக்கக் கூடாது என்ற நீதிமன்ற ஆணையும் வந்து சேர்ந்தது. அழகியநம்பி ஆணையை இரண்டு முறை படித்தார். "உங்க வேலையும் போகும், தெரியும்ல?" என்று மட்டும் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அவருக்கு முன்பே எவ்வளவு தெரியும் என்பது அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

சனிக்கிழமை பாளையங்கோட்டைக்குப் போனாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சவரிமுத்து வந்து உட்கார்ந்தான். காதோரம் நரைத்திருந்தது. தண்டனை விழுந்த இந்த இரண்டு வருடமாக அவள் மாதம் தவறாமல் வந்தாள். அவனும் தவறாமல் வந்து உட்கார்ந்து, நலமா என்று கேட்டுவிட்டுப் போவான். இன்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கோயில் கொடை, சாக்கு, பாய்லர், பழுப்பு நூல், லாரி. அறிக்கை வாசிப்பதுபோல் வரிசையாகச் சொன்னாள்.

அவன் கேட்டு முடித்துவிட்டு, வலையில் ஒரு கண்ணியை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"ஆடு பதிஞ்சிருந்துச்சா?" என்று கேட்டான்.

"என்னது?"

"மேல் கோட்டுல. நான் ஒடிச்சுத் திருப்பினேன்ல, அந்த ஆட்டு மந்த. அது பதிஞ்சிருந்துச்சான்னு கேக்கேன்."

"ஆட்டுக்கு ஏதுல டயரு?"

"அப்ப ஆடு வந்ததுக்கு இன்னமும் சாட்சி இல்ல." அவன் சிரித்தான். அதில் கசப்புகூட இல்லை, களைப்புதான் இருந்தது. "எக்கா, நீ இப்பவும் கோடு சொன்னதாலதான வந்திருக்க."

அவள் வாயைத் திறந்தாள். அவள் வாழ்நாளில் இருந்த மௌனங்களிலேயே அது நீளமானது என்று பிறகு சொன்னாள். காவலர் வந்து நேரம் முடிந்தது என்று சொல்லும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எழுந்திருக்கும்போது அவள், "ஆடு வந்துச்சுல" என்றாள். "வந்துச்சு. எனக்குத் தெரியும்."

அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

சவரிமுத்து ஏழு மாதம் கழித்து வெளியே வந்தான். இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான், வண்டி ஓட்டுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். அதிகம் பேசுவதில்லை. செல்லப்பாண்டி போலீஸ் வந்தபோது சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார், ஒன்றையும் மறுக்கவில்லை. ஐந்து வருடத் தண்டனையில் மூன்றாவது வருடம் சிறை ஆஸ்பத்திரியில் இறந்தார். ஐகோர்ட்துரை தன் பெயருள்ள இடத்தில் நான்கு நாள் சாட்சி சொன்னான்; வேலை போய், இப்போது கேரளத்தில் கோடு போடுகிறான். அழகியநம்பி ஓய்வுபெற்றுத் தென்காசியில் இருக்கிறார். இருநூற்றுச் சொச்சம் வழக்குகளைத் திரும்ப வாசித்ததில் முப்பத்தொரு பேர் விடுதலையானார்கள். அதில் இரண்டு பேர் அதற்கு முன்பே செத்திருந்தார்கள். சண்முகக்கனியின் மகள் ஆச்சி வீட்டில் வளர்ந்து நர்சிங் படிக்கிறாள். செதுக்கிய கோட்டைப் பாய்லரில் போடக் கூடாது என்று புது விதி வந்திருக்கிறது, இன்னமும் போடுகிறார்கள். அமலோற்பவத்துக்கு வேலை போய்விட்டது. இப்போது அவள் விபத்து நடந்த இடங்களுக்குப் போய், அங்கே நின்றவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டு, வக்கீலுக்கு எழுதிக் கொடுக்கிறாள். அவர்கள் சொல்வதில் பாதி தப்பாக இருக்கிறது. சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்கிறாள்.